தள்ளுபடிக்கு அழுத பெய்ஷென் மாமா

எங்கள் ஊர் கொச்கோர் பஜாரில் எந்த மூலையில் நின்றாலும் என் சின்ன மாமா அழுவது கேட்கும். காய்கறிப் பக்கம் நின்றால் கொஞ்சம் மெதுவாக, ஆட்டுச் சந்தைப் பக்கம் நின்றால் ஆடுகளோடு கலந்து, என் கடையில் நின்றால் காது கிழிய. கடை என்றால் பெரிய கடையில்லை. போனுக்கு உறையும் கண்ணாடியும் மாட்டித் தரும் ஒரு மேசை, மேலே ஒரு தார்ப்பாய். நேர் எதிரே சோபாக் கடை. அதன் நெற்றியில் ஒரு ஒலிபெருக்கி. அதற்குள் மாமா.

"என் ஈரக்குலையே! விலையெல்லாம் போச்சே! பாதிக்குப் பாதியா போச்சே!"

அவர் பெயர் பெய்ஷென். என் அம்மாவின் தம்பி. கரா-கெச்சே சுரங்கத்திலிருந்து லாரியில் கரி ஏற்றி வருபவர். அம்மாவுக்கு ஒரு அண்ணனும் இருந்தார், ஓமுர்பெக், எனக்குப் பெரிய மாமா. ஆற்றின் மேல்பக்கக் கிராமத்தில் குதிரையும் ஆடுமாக இருந்தவர். எங்கள் பக்கம் அக்கா தங்கை பிள்ளைகளுக்கு மாமன் வீட்டில் எதையும் எடுக்கலாம், யாரையும் கிண்டல் செய்யலாம், கேட்க ஆளில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதால் எனக்கு வேறு உரிமைகள் என்னென்ன உண்டு என்று சரியாகத் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் கரைத்துக் குடித்திருக்கிறேன்.

சின்ன மாமாவுக்குப் பேசத் தெரியாது. கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல எழுப்பி விட்டால் "நல்லா இருங்க, எல்லாரும் நல்லா இருங்க" என்று உட்கார்ந்துவிடுவார். ஆனால் அழத் தெரியும். சாவு வீட்டுக்குப் போகும் ஆண்கள் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி இறங்கி, இடுப்பில் கைவைத்து, தலையைத் தொங்கப் போட்டு, ஓவென்று அழுதுகொண்டே கம்பளிக் கூடாரத்தை நோக்கி ஓட வேண்டும். கூடாரத்தின் வெளியே கோலூன்றி நிற்கும் மகன்கள் பதிலுக்கு அழ வேண்டும். இதில் முதல் குரலை எடுப்பவர் சரியில்லையென்றால் பின்னால் வருகிறவர்கள் இருமுவது போல இருக்கும். மாமா "என் ஈரக்குலையே!" என்று எடுத்தால், செத்தவரைப் பார்த்தேயிராத ஆளும் கூடவே அழுவார். எங்கள் குலத்தில் யாருக்கு எங்கே சாவு என்றாலும் வேனை முதலில் மாமா வீட்டு வாசலுக்குத்தான் ஓட்டுவார்கள். கரி படிந்த நகத்தைக் கழுவக்கூட விடாமல் கூட்டிப் போவார்கள். அவருக்கு இருந்த ஒரே கௌரவம் அதுதான். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை, தொப்பியை மட்டும் அன்றைக்கு நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சுரங்கத்து ரோட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. பெரிய மாமா கிராமத்துப் பாலத்துக்கு வந்தால்தான் முதல் கோடு விழும். விழுந்ததும் அண்ணனைக் கூப்பிடுவார்.

"அண்ணே, பாலத்துக்கு வந்துட்டேன். டீ போடச் சொல்லு."

"கரியை உதறிட்டு உள்ள வா. போன தடவை நீ உக்காந்த இடத்தை உங்கண்ணி இன்னும் கழுவிட்டிருக்கா."

அவ்வளவுதான் பேச்சு. வருஷக்கணக்காக இதையேதான் பேசினார்கள்.

போன வசந்தத்தில் ஜும்கால் பக்கம் ஒரு சாவு. வேன் நிறைய ஆண்கள் போனார்கள், மாமா முன்னால். அந்தத் தெருவில் இரண்டு வீடுகளில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒன்று சாவுக்கு. இன்னொன்று குழந்தையைத் தொட்டிலில் போடும் விருந்துக்கு. தலையைத் தொங்கப் போட்டு ஓடுகிறவருக்குத் தரைதான் தெரியும், கூடாரத்தில் கட்டியிருக்கும் சிவப்புத் துணி தெரியாது. மாமா தொட்டில் விருந்துக்குள் அழுதுகொண்டே ஓடினார். அவர் ஓடினால் மற்றவர்களும் ஓடுவார்கள். அக்கார்டியன் வாசித்தவன் பாதியில் நின்றான். வருகிற விருந்தாளிகள் தலையில் மிட்டாய் தூவ வாசலில் தட்டோடு நின்ற பெண், பழக்க தோஷத்தில் தூவிவிட்டாள். "என் ஈரக்குலையே, என் மலையே, என்னை விட்டுப் போனியே!" என்று குலுங்கும் மாமாவின் கல்பாக் தொப்பியில் மிட்டாய் பொலபொலவென்று விழுகிறது. ஒன்று காலருக்குள் போகிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். எதிரே தொட்டில்.

அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், சிரித்துவிட்டார்கள். மாமா மண்டியிட்டுக் குழந்தைக்கு ஆயுள் கேட்டு வேண்டிக்கொண்டார். அது யார் போனிலும் இல்லை. மிட்டாய் விழுந்தது மட்டும் இருந்தது.

வேன் திரும்பி வருவதற்குள் வீடியோ கொச்கோர் வந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ அதற்குத் தாளம் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவன் 'கடன் கொடு' என்று கேட்டால் இன்னொருவன் பதிலுக்கு மாமாவின் முகத்தை அனுப்புவான். தலைநகரத்தில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாம் என்னிடம் "அது நிஜமாவே உங்க மாமாவா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த சாவுக்கு அவர் வேனிலிருந்து இறங்கியபோது மதில் மேல் இருந்த பையன்கள் போனை உயர்த்தினார்கள். மாமா வாயைத் திறந்தார், குரல் பாதியில் நின்றது. அதற்கடுத்த சாவுக்கு வேனில் ஒருவர், "பெய்ஷென், நீ கொஞ்சம் பின்னாடி வாப்பா. சாவு வீட்ல சிரிச்சிடப் போறாங்க" என்றார். மாமா பின்னால் போனார். அதற்கடுத்த சாவுக்கு வேன் வாசலுக்கு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களும் அழுவதை விட்டுவிட்டார்கள். எங்கே யார் போனில் விழுவோமோ என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நடந்து வந்தார்கள், வரி கட்ட வருகிறவர்கள் மாதிரி. கோலூன்றி நிற்கும் மகன்களுக்குப் பதில் சொல்ல அழுகை இல்லை. அவர்களும் சும்மா நின்றார்கள்.

சோபாக் கடை மேலாளர் அஸ்கத் வந்தது அப்போதுதான். பல்லெல்லாம் தெரிய மாமா வீட்டில் உட்கார்ந்தான்.

"பெய்ஷெண்ணே, ஊரே உங்களை ஓசியில வெச்சு சிரிக்குது. நான் ஓசியில கேக்கலை. ஒரு நல்ல சோபா, மூலையில போடற மாதிரி நீளமானது. நீங்க அழ வேண்டியது ஒரே தடவை."

மாமா கையைப் பிசைந்தார். அத்தை ஜிபெக் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தினீங்களே, எவனாவது ஒரு ஸ்டூல் குடுத்தானா?"

கடையின் பின்னறையில் மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தி, நடுவில் மாமாவை நிற்க வைத்து அழச் சொன்னார்கள். முதல் தடவை வரவில்லை. அஸ்கத், "உங்கப்பாவை நினைச்சுக்குங்கண்ணே" என்றான். மாமா நினைத்துக்கொண்டார். அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வந்தது. நான் தினமும் எதிரே உட்கார்ந்து கேட்கிறேன், எனக்குத் தெரியும். 'ஈரக்குலையே' வரைக்கும் அது தாத்தாவுக்கு அழுதது. 'விலையெல்லாம்' என்பதிலிருந்துதான் சோபா.

பெரிய மாமா அதை வேனில் கேட்டிருக்கிறார், டிரைவர் வைத்திருந்த வானொலியில். சக பயணிகள் சிரித்தார்களாம். நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தார். நானும் அம்மாவும் அங்கே இருந்தோம். புது சோபா இன்னும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் இருந்தது. பெரிய மாமா அதைச் சுற்றிப் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"இதுல உக்காருங்கண்ணே" என்றார் சின்ன மாமா.

"எதுக்கு? செத்தவங்க மேல உக்காரற வழக்கம் எனக்கில்லை."

பெரிய மாமா தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார்.

"தப்பான வீட்டுக்கு ஓடினே, சரி. யாருக்கும் நடக்கும். நானே அன்னிக்கு சிரிச்சேன். ஆனா அது நம்ம அப்பனுக்கு அழுத அழுகைடா. அதை எப்படிடா அளந்து வித்தே?"

"அண்ணே..."

"நான் செத்தா அந்தத் தொண்டையோட என் வாசலுக்கு வராத. எனக்கு சோபா வேண்டாம்."

எழுந்தார். அத்தை ரொட்டித் தட்டை நீட்டிக்கொண்டு ஓடினாள். எங்கள் ஊரில் எதிரி வீட்டிலிருந்து கிளம்புகிறவன்கூட ஒரு விள்ளல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவான். பெரிய மாமா தட்டைத் தொடாமல் போனார். சின்ன மாமா அந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பாலத்தைத் தாண்டும்போது அவர் போனை எடுக்கவில்லை. டீயும் குடிக்கவில்லை. அந்தக் கிராமத்தை மட்டும் ஹாரன் அடிக்காமல் கடப்பாராம்.

ஒரு சந்தை நாள் பெரிய மாமா கண்ணாடி உடைந்த போனோடு என் மேசைக்கு வந்தார். எதிரே ஒலிபெருக்கி அழுதுகொண்டிருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எனக்குக் கை அரித்தது. மாமன் போன், மருமகள் கை. சின்ன மாமா எண்ணுக்கு மட்டும் அந்த விளம்பரத்தையே ரிங்டோனாக வைத்தேன். வைத்ததோடு விட்டேனா, பெருமை தாங்காமல் போட்டும் காட்டினேன். காதைத் திருகுவார் என்று கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டேன்.

அவர் முழுவதையும் கேட்டார்.

"இது எப்போ கத்தும்?"

"சின்ன மாமா கூப்பிட்டா மட்டும்."

"வேற யார் கூப்பிட்டாலும் கத்தாதா?"

"கத்தாது. வேணாம்னா எடுத்துடறேன் மாமா."

பெரிய மாமா போனைத் துணியில் சுற்றி உள்பையில் போட்டார். "இருக்கட்டும். அவன் கூப்பிட்டாத்தானே."

அதற்கப்புறம் ஒவ்வொரு சந்தை நாளும் வந்தார். "பெர்மெத், இதுல மணி ஒழுங்கா அடிக்குதா பாரு. சில நேரம் அடிக்காம இருந்துடுதோ என்னவோ." நான் என் போனிலிருந்து கூப்பிட்டுக் காட்டுவேன். அடிக்கும். "நல்லாத்தானே இருக்கு மாமா." அவர் "ம்" என்பார். கழுதைக்குட்டி எனக்கு அது என்ன கேள்வி என்று புரிய மூன்று சந்தை பிடித்தது. புரிந்த பிறகு சின்ன மாமாவிடம் போய், "ஒரு தடவை கூப்பிடுங்களேன். டீ போடச் சொல்லுங்க" என்றேன்.

லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எந்த வாயாலடி?"

இலையுதிர் காலத்தில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த பெரிய மாமா அப்படியே வைக்கோல் மேல் சாய்ந்துவிட்டார். நெஞ்சு. சின்ன மாமா சுரங்கத்தில் இருந்தார். இன்னொரு லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினோம்.

முற்றத்தில் கூடாரம் போட்டு, அதற்குள் ஒரு பக்கமாகத் திரை கட்டி, திரைக்குப் பின்னால் பெரிய மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். அம்மாவும் பெரிய அத்தை காலிபாவும் மற்றப் பெண்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வெளியே பெரிய மாமாவின் மூத்த மகன் ஏதிலும் அவன் தம்பியும் கோலூன்றி நின்றார்கள். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். நான் தேநீர்க் கிண்ணங்களோடு உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருந்ததால் மதில் மேல் இருந்த பையன்கள் பேசியது காதில் விழுந்தது.

"சோபா வரப் போறாராம். இன்னிக்கு அசல் அழுகை."

"குனிஞ்சு வருவாரு, மூஞ்சி விழாது. நீ கீழ இறங்கி எடு."

"அண்ணன்தான் வராதேன்னு சொல்லியிருக்காராமே?"

"அதான்டா விசேஷம்!"

சூடான தேநீரைத் தவறுதலாக ஒருவன் காலில் ஊற்றினேன். தவறுதலாகத்தான்.

கரி லாரி பாலத்தில் வந்து நின்றது கூடார வாசலிலிருந்தே தெரிந்தது. மாமா இறங்கினார். முகம் முழுக்கக் கரி. மதில் மேல் போன்கள் வரிசையாக எழுந்தன. அவர் அழுதால் வீடியோ. அழாவிட்டால் அண்ணனுக்கு அழாத தம்பி. அந்தத் தெருவில் அவருக்கு வேறு வழி இல்லை. நான் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது கூடாரத்துக்குள்ளிருந்து மாமா அழுதார்.

"என் ஈரக்குலையே!"

காலிபா அத்தை மடியில், துணியில் சுற்றிய பெரிய மாமாவின் போனுக்குள்ளிருந்து. வெளியே ஏதிலும் தம்பியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். அன்றைக்கு முதல்முறையாக ஒரு முழு அழுகை காதில் விழுந்ததும், வழக்கப்படி, உடம்பு தானாகவே பதில் சொல்லிவிட்டது: "எங்கப்பாவே! எங்க மலையே!" உள்ளே பெண்களும் குரலை உயர்த்தினார்கள்.

"விலையெல்லாம் போச்சே! பாதிக்குப் பாதியா போச்சே!"

எல்லாம் நின்றது. ஏதில் வாயைத் திறந்தபடி இருந்தான். மதில் மேல் ஒருவன் வாய்விட்டே சிரித்தான். போன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அத்தை துணியைப் பிரிக்கத் தெரியாமல் பிரித்தாள்.

"யாருடி இதைப் போட்டா? நிறுத்துடி, நிறுத்துடி இதை!" என்று என் கையில் திணித்தாள்.

போன் திரையில் 'தம்பி' என்றிருந்தது. சிவப்பை அழுத்தினால் சத்தம் நிற்கும். என் விரல் அங்கேதான் போனது. ஆனால் இது அடிக்குமா அடிக்குமா என்று சந்தைக்குச் சந்தை வந்து பார்த்தவர் திரைக்குப் பின்னால் படுத்திருந்தார். இத்தனை நாள் கழித்து அடிக்கிறது. துண்டிக்க என்னால் முடியவில்லை. பச்சையை அழுத்திக் காதில் வைத்தேன்.

"அண்ணே" என்றது குரல். விளம்பரக் குரல் இல்லை. மூக்கடைத்த, சின்னக் குரல். "அண்ணே, பாலத்துக்கு வந்துட்டேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. குனிந்து, திரையின் அடியில் கையை விட்டு, போனைப் பெரிய மாமாவின் தலைமாட்டில் வைத்துவிட்டேன். நிமிர்ந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி, கூடாரமே அதிரும்படி ஒப்பாரியை எடுத்தாள். திரைக்குப் பின்னால் முணுமுணுக்கும் குரல் யாருக்கும் கேட்காதபடி.

வெளியே மாமா நடந்து வந்துகொண்டிருந்தார். இடுப்பில் கை இல்லை, ஓட்டம் இல்லை, ஓவென்ற அழுகை இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, உதடு அசைய, மெதுவாக.

"பார்றா, அண்ணன் செத்த வாசலுக்கு எவன்கூடவோ போன் பேசிக்கிட்டு வர்றதை!"

"கரி வியாபாரமா இருக்கும்."

"மனுசனுக்கு வெட்கம்னு ஒண்ணு வேணாம்?" இது ஒரு பெரியவர், காறித் துப்பினார்.

மாமாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கூடாரத்தைச் சுற்றி வந்து, உள்ளே அண்ணன் படுத்திருந்த பக்கமாக, கம்பளியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்று பேசி முடித்தார். பிறகு போனைப் பையில் போட்டு, சுவரில் சாய்த்திருந்த ஒரு கோலை எடுத்துக்கொண்டு, ஏதிலுக்குப் பக்கத்தில் வரிசையில் கடைசியாக நின்றார். ஏதில் நகர்ந்து இடம் கொடுத்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அவர் ஒரு தடவையும் அழவில்லை.

அந்த வீடியோவும் வந்தது. சோபாவுக்கு அழுதவர், அண்ணனுக்கு அழவில்லை என்று மேலே எழுதி. மிட்டாய் வீடியோவுக்குச் சிரித்தவர்கள் இதற்குக் காறித் துப்பினார்கள். இமாம்கூடப் பெயர் சொல்லாமல் ஏதோ சொன்னாராம். மாமா யாரிடமும் விளக்கவில்லை. நான் விளக்கலாம் என்று நினைத்தேன். விளக்கினால் அவர் என்ன பேசினார் என்று கேட்பார்கள். பிறகு அதற்கும் ஒருவன் தாளம் போடுவான்.

அஸ்கத்திடம் போய் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி மாமா கேட்டிருக்கிறார். "குரல் இப்போ கடையோடதுண்ணே" என்றானாம். சோபாவைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றதற்கு, உட்கார்ந்த சோபாவை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றானாம். உண்மையில் அந்த வீட்டில் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. கவர்கூட அப்படியேதான் இருக்கிறது.

நாற்பதாம் நாள் முடிந்த வாரம் அவர் என் மேசைக்கு வந்தார். சந்தைக்குள் அவர் வருவதே இல்லை. தொப்பியைக் காது வரை இழுத்து விட்டிருந்தார். போன் உறை மாற்ற வேண்டும் என்றார். உறை நன்றாகத்தான் இருந்தது. மாற்றினேன்.

"பெர்மெத்."

"சொல்லுங்க மாமா."

"அன்னிக்கு யாரு எடுத்தா?"

"பெரிய மாமாதான்."

"கழுதைக்குட்டி." சிரிக்க வந்ததுபோல உதடு இழுத்துக்கொண்டது. "நீ கேட்டியா?"

"பாலத்துக்கு வந்துட்டேன்னது வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவர்கிட்ட வெச்சிட்டேன்."

உள்ளங்கையால் மூக்கைத் துடைத்தார். விரல் இடுக்கில் கரி.

"பெரிசா ஒண்ணும் சொல்லலை" என்றார். "டீ போடச் சொன்னேன்."

எதிரே ஒலிபெருக்கி கரகரத்தது. மாமா எழுந்துவிட்டார். அது வாயைத் திறப்பதற்குள் ஆட்டுச் சந்தைப் பக்கமாக, தலையைக் குனிந்துகொண்டு, வேகமாக நடந்தார்.